எஞ்சினைக் காத்தது எது?

மழை ஓய்ந்த ஒரு மாலை நேரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், ரெம்பியாவை அடுத்த தோட்டப் பகுதியில் நாம் நிற்கிறோம். தார்ச் சாலையில் வந்த ஒரு காடி, தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்குகிறது. சக்கரம் பள்ளத்தில் விழுகிறது. செந்நிறச் சேறு இரு பக்கமும் விசிறியடிக்கிறது. காடி நின்றதும் ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து இறங்கி, மட்கார்டில் அப்பிய சேற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறார். எஞ்சினைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அதற்கு ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் வந்த காடிக்காரருக்கு அந்த நிம்மதி இல்லை. அவர் முதலில் கவலைப்பட்டது எஞ்சினைப் பற்றித்தான். சேறு உள்ளே போயிருக்குமோ, தீப்பொறி நின்றுவிடுமோ, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்வோமோ என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் எப்படித் தீர்ந்தது? எஞ்சினைச் சேற்றிலிருந்து காத்தது எது? இதைத்தான் நாம் இன்று ஆராயப் போகிறோம். கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் விடையைத் தேடிப் போனால், அது நம்முடைய முன்னோரின் லயத்து வாசலுக்கே நம்மைக் கொண்டு வந்து சேர்க்கும்.

முதலில் ஓர் ஐயம் எழலாம். மோட்டார் வருவதற்கு முன்னும் சேறு இருந்தது, வண்டிகளும் இருந்தன. மாட்டு வண்டிக்காரர் என்றாவது சேற்றைத் தடுக்கத் தகடு கட்டினாரா? இல்லை. ஏன் கட்டவில்லை? மாட்டு வண்டி மெல்லச் செல்வது. மணிக்கு 2 மைல் வேகத்தில் உருளும் சக்கரம் சேற்றை மேல்நோக்கி எறிந்தால், அது சுமார் 4 சென்டிமீட்டர் உயரமே எழும். அதே சேற்றை மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடும் சக்கரம் எறிந்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அது சுமார் 4 மீட்டர் உயரம்வரை எழக்கூடும். வேகம் பத்து மடங்கு. தெறிப்பு நூறு மடங்கு. ஆகவே சேறு புதிய பகையன்று. வேகம்தான் அதனைப் பகையாக்கியது.

குதிரை வண்டிக்காரர்கள் இதனை முன்பே ஓரளவு அறிந்திருந்தார்கள். ஓடுகின்ற குதிரையின் குளம்பு வாரி எறியும் சேறு வண்டியில் இருப்பவர்மீது படாதிருக்க, வண்டியின் முன்புறத்தில் ஒரு பலகையை நிறுத்தினார்கள். அதற்கு டாஷ்போர்டு என்று பெயர். இன்று காடியில் வேகமானியும் விளக்குப் பொத்தான்களும் அமைந்த பகுதியை நாம் டாஷ்போர்டு என்றே அழைக்கிறோம். குதிரை போய்விட்டது, அதன் குளம்படிச் சேறும் போய்விட்டது. சேற்றுக்காக வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு நாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு. அந்த ஆண்டில்தான் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்தது. அது ஜெர்மனியில் செய்யப்பட்ட பென்ஸ் வண்டி. காட்ஸ் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனத்தார் அதனை வரவழைத்தார்கள். அதே 1896ஆம் ஆண்டில்தான் மலாக்காவில் டான் சாய் யான் என்ற செல்வர், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டவர்களில் முதல்வர் என்று அவரை வரலாறு குறிக்கிறது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி அவருக்கு ஊக்கமளித்தார். பின்னர் டான் சாய் யான், ஜாசின் பக்கத்தில் உள்ள புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3000 ஏக்கர் அளவுக்குத் தம் முயற்சியை விரிவுபடுத்தினார்.

காரும் ரப்பரும் ஒரே ஆண்டில் நம் பகுதிக்கு வந்தது தற்செயலே. ஆனால் அதன்பின் அவை இரண்டும் பிரியவே இல்லை. காருக்கு டயர் வேண்டும்; டயருக்கு ரப்பர் வேண்டும்; ரப்பருக்குத் தோட்டம் வேண்டும்; தோட்டத்துக்குச் சாலை வேண்டும்; சாலை வந்ததும் கார் வரும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உழைக்கும் கைகள் வேண்டும்.

அன்றைய மலாக்காச் சாலைகள் எப்படி இருந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் சீன முதலாளிகள் பெருமளவில் மரவள்ளி பயிரிட்டார்கள். அந்தச் சுமையை ஏற்றிச் சென்றவை இரும்புப் பட்டை கட்டிய மாட்டு வண்டிகள். சாலையின் மேற்பரப்போ செம்புறைக்கல். மலாக்காவில் போர்ச்சுகீசியர் கட்டிய ஆ ஃபாமோசா கோட்டையின் எஞ்சிய வாயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் தெரியும். தோண்டி எடுக்கும்போது வெட்டுவதற்கு எளிது. காற்றுப் பட்டு உலர்ந்தால் இறுகிவிடும். சாலையில் கொட்டிக் கெட்டித்தால், வெயில் காலத்தில் கல்போல் இருக்கும். ஆனால் மழை பெய்தால்? மலாக்காவில் ஓர் ஆண்டில் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரம் ஊறிய செம்மண்ணில் இரும்புப் பட்டைச் சக்கரம் கத்திபோல் இறங்கும். அது வெட்டிய தடத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் அடுத்த வண்டி இன்னும் ஆழமாக இறங்கும். அந்தத் தடங்களின் நடுவில்தான் முதல் மோட்டார் கார்கள் ஓடவேண்டியிருந்தது.

அந்தக் கார்களின் எஞ்சின் இன்றைய எஞ்சினைப்போல் மூடியிருக்கவில்லை. 1890களின் பென்ஸ் வண்டிகளில் எஞ்சின் பின்பக்கத்தில், இருக்கைக்குக் கீழே படுத்த நிலையில் இருந்தது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு வெளியே தெரியும்படி சுழன்றது. எஞ்சினின் ஆற்றலைத் தோல் பட்டை கடத்தியது; சங்கிலி சக்கரத்தைச் சுற்றியது. எல்லாம் திறந்த வெளியில், தரையிலிருந்து சிறிது உயரத்தில்! பிரான்சில் பனார் லெவாசோர் நிறுவனத்தார் 1891இலேயே எஞ்சினை முன்புறத்துக்குக் கொண்டுவந்து மேலே மூடி போட்டார்கள். பிற்காலக் கார்கள் பெரும்பாலும் இந்த முறையையே பின்பற்றின. மூடி மேலிருந்து விழும் மழையைத் தடுத்தது. ஆனால் சேறு மேலிருந்து வருவதில்லையே! அது கீழிருந்து அன்றோ வருகிறது?

அப்படிக் கீழிருந்து வந்த சேறு எஞ்சினுக்கு என்ன செய்தது? நான்கு தீமைகளை நாம் குறிப்பிடலாம்.

முதலாவது, தீப்பொறி தவறுதல். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க மின்பொறி தேவை. அந்த மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்தோ சுருளிலிருந்தோ கம்பி வழியாக வருகிறது. ஈரச் சேறு அந்தக் கம்பியின்மீதும் பிளக்கின்மீதும் படிந்தால், மின்சாரம் போகவேண்டிய வழியில் போகாமல் சேற்றின் வழியே கசிந்துவிடும். எஞ்சின் இருமும், பிறகு நின்றுபோகும்.

இரண்டாவது, தேய்மானம். செம்மண்ணில் கடினமான நுண்மணல் உண்டு. அது எண்ணெயில் கலந்தால், உராய்வைக் குறைக்க வேண்டிய எண்ணெயே அரம்போல் அராவத் தொடங்கிவிடும். வால்வுத் தண்டுகளும் தாங்கிகளும் சில மாதங்களிலேயே தளர்ந்து ஆடும்.

மூன்றாவது, வழுக்கல். அக்காலக் கார்கள் பலவற்றில் கிளட்சு என்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. அதில் ஈரமும் சேறும் பட்டால் பிடிப்பு போய்விடும். எஞ்சின் சீறும், வண்டி நகராது.

நான்காவது, கொதிப்பு. ரேடியேட்டரின் சிறு துளைகளில் சேறு அடைத்துக் காய்ந்துவிட்டால் காற்றுப் புகாது. தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஓட்டுநர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தேடி ஓடவேண்டியதுதான்.

இதோடு இன்னொரு விந்தையும் இருந்தது. எஞ்சினின் பின்னால் ஃபிளைவீல் எனப்படும் கனத்த சுழல்சக்கரம் உண்டு. அது தரைக்கு மிக அருகில் வேகமாகச் சுழல்வது. தேங்கிய நீரில் அதன் விளிம்பு பட்டுவிட்டால், நீரையும் சேற்றையும் வாரி எஞ்சின் முழுவதும் பூசிவிடும். ஆகப் பகைவன் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. எஞ்சினின் உறுப்பே பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இதற்குக் கண்ட முதல் தீர்வு தகடு. சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் மட்கார்டு நமக்குத் தெரிந்ததே. அதற்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கப் பக்கத் தகடுகளை வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினுக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டுப்போல் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தினார்கள். நாம் அதனை அடித்தகடு என்று அழைப்போம். தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல் எஞ்சினும் சுழல்சக்கரமும் அந்தத் தட்டின்மேல் பாதுகாப்பாக இருந்தன.

அடித்தகட்டுக்கு வேறொரு பயனும் இருந்தது. பிரெஞ்சு நாட்டு ரெனோ கார்களில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. சுழல்சக்கரத்தோடு அமைந்த விசிறி இதழ்கள், ரேடியேட்டர் வழியே காற்றை இழுத்தன. எஞ்சின் அறை நன்கு மூடியிருந்தால்தான் அந்த இழுப்பு முறையாக நடக்கும். ஆகவே அங்கே அடித்தகடு சேற்றைத் தடுத்ததோடு, காற்றுக்கு வழியையும் வகுத்தது.

ஆனால் தகட்டுக்கும் குறைகள் உண்டு. எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெயும் பெட்ரோலும் தட்டில் தேங்கின. ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். எஞ்சினின் அடிப்பகுதியில் காற்றுப் படாமையால் எண்ணெய் சூடேறியது. கல் இடித்துத் தகடு நெளிந்தால், ஓட்டம் முழுவதும் தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் சத்தம். பழுது பார்க்க வேண்டுமானால் பல திருகாணிகளைக் கழற்றித் தகட்டை இறக்கவேண்டும், மீண்டும் ஏற்றவேண்டும். பொறுமை இழந்த பலர் ஒரு முறை கழற்றிய தகட்டைத் திரும்பப் பூட்டவே இல்லை. பாதுகாப்பு தொல்லையானால் மனிதன் பாதுகாப்பைத்தான் முதலில் எறிகிறான். இது தகட்டுக்கு மட்டும் பொருந்தும் பாடமன்று.

இரண்டாவது தீர்வு, எஞ்சினையே மூடிவிடுவது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மாடல் டி கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகளும் அக்காலத்தில் சேறு நிறைந்தவைதாம். ஆகவே குடியானவர்களுக்கென்று செய்த அந்தக் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 10 அங்குல உயரத்தில் நின்றது. எஞ்சின், சுழல்சக்கரம், மேக்னெட்டோ, கியர் ஆகிய எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கின. மற்றக் கார்களில் சேற்றை வாரி எறிந்த சுழல்சக்கரம், இங்கே உறைக்குள் எண்ணெயை வாரி எறிந்து உறுப்புகளுக்கு ஊட்டியது! பகைவன் நண்பனானான். தொடக்கத்தில் வால்வுகள் மட்டும் வெளியே தெரிந்தன. 1911இல் அவற்றுக்கும் மூடி வந்தது. இத்தனைக்குப் பிறகும், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடுகளைப் பொருத்தியே ஃபோர்டு விற்றார். தீப்பொறியின் நேரத்தைக் குறிக்கும் டைமர் என்ற சிறு கருவி எஞ்சினின் முன்புறத்தில் தாழ்வாக இருந்தது. அதில் அழுக்கு சேர்ந்தால் எஞ்சின் தடுமாறும். ஆகவே மாடல் டி ஓட்டியவர் கையில் ஒரு துணி எப்போதும் இருக்கவேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் கனடாவில் இருந்த ஃபோர்டு நிறுவனத்திலிருந்து கார்கள் வந்தன. 1926இல் மலாயா ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கார் நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. தங்கள் நாட்டுச் சாலைக்கேற்பத் தாழ்வாகச் செய்த கார்கள் குடியேற்ற நாடுகளில் சேற்றில் உட்கார்ந்துவிடுவதைக் கண்டு, உயரமான அடிப்பகுதி கொண்ட ‘காலனி’ வகைக் கார்களைத் தனியே செய்து அனுப்பினார்கள். எங்கோ ஒரு மண் பாதையில் பெய்த மழை, கடல் கடந்த தொழிற்சாலையின் வரைபடத்தையே மாற்றியது என்று சொல்லலாம்.

தோட்டங்களில் துரையின் காரைப் பேணுவது தனி வேலையாயிற்று. குதிரையைப் பராமரித்தவருக்கு மலாயாவில் ‘சைஸ்’ என்று பெயர். குதிரை போய்க் கார் வந்தபோது, அந்தப் பெயர் கார் ஓட்டுநருக்கும் ஒட்டிக்கொண்டது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல், காரின் அடிவயிற்றில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக் கழுவுவதும் அவர் கடமை.

நேயர்களே, தகடும் உறையும் வந்துவிட்டன. சிக்கல் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. சேற்றுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் புழுதி. மழையில் சேறாக இருந்த அதே மண் வெயிலில் புழுதியாகிறது. சேறு அடித்தகட்டில் முட்டி நிற்கும், புழுதி நிற்காது. எஞ்சின் மூச்சுவிடும் கார்பரேட்டர் வழியே அது காற்றோடு உள்ளே புகுந்து, சிலிண்டரின் சுவரைத் தேய்த்தது. காற்றை வடிகட்டும் கருவி 1920களில்தான் கார்களில் பரவத் தொடங்கியது. மாடல் டி காரில் அது இல்லவே இல்லை. மேலும், சேற்றைத் தடுக்கும் தகடு, சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தூக்கிவிடுமா? அதற்கு மாடுகள்தாம் வரவேண்டும். அல்லது மனிதர்கள் வரவேண்டும்.

ஆகவே உண்மையான தீர்வு காரில் இல்லை; அது சாலையில் இருந்தது.

நல்ல சாலையின் இலக்கணத்தை ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். அடிமண் ஈரமாகாமல் இருக்கவேண்டும். சிறு சிறு கற்களாக உடைத்த ஜல்லியைப் பரப்பி இறுக்கவேண்டும். நடுவில் சற்று மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருந்து நீர் வடிய வேண்டும். இதுவே நாம் கப்பிச் சாலை என்று கூறுவது. குதிரை வண்டிக்கு இது போதுமானதாக இருந்தது. வேகமாகச் செல்லும் காற்று நிரப்பிய டயரோ, கற்களைப் பிணைக்கும் நுண்மண்ணைக் கிளப்பிப் புழுதியாக்கிவிட்டது. இதற்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் உண்மையிலேயே ஒரு மருத்துவர். சுவிட்சர்லாந்தில் பிறந்த குல்யெல்மினெட்டி என்ற அந்த மருத்துவர், முன்பு நம் அண்டைப் பகுதியான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பணிபுரிந்தவர். 1902இல் மொனாக்கோ நகரச் சாலையில் சூடான தாரைப் பூசச் செய்து புழுதியை அடக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹூலி என்ற பொறியாளர், கல்லையும் தாரையும் கலந்து செய்யும் டார்மாக் என்ற பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். தார் ஒரே பூச்சில் இரண்டு பகைவரை வென்றது. மேலிருந்து வரும் மழை உள்ளே இறங்காது. உள்ளே உள்ள மண் மேலே கிளம்பாது. சேறும் இல்லை, புழுதியும் இல்லை.

கப்பியும் தாரும் மேலைநாட்டாரின் அறிவில் பிறந்தவை. மலாயாவில் அவை யார் கையால் தரையில் இறங்கின? இங்கேதான் நம் கதை நம் வீட்டுக் கதையாகிறது.

மலாயாவின் சாலைகளைப் பல இனத்தவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். காடு வெட்டுவதில் மலாய்க்காரர்களும், மண் வேலையில் சீனத் தொழிலாளர்களும் பெரும்பங்கு கொண்டார்கள். சாலையைப் பரப்புவதும் நாள்தோறும் பேணுவதும் பெரும்பாலும் பொதுப்பணி இலாகாவின் தமிழ்த் தொழிலாளர்களின் வேலையாக இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் மட்டுமன்றி, தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்த அரசாங்க இலாகாக்களும் பணம் செலுத்தின. அந்த நிதியிலிருந்து கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டு, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களிலிருந்து மக்கள் கப்பலேறினார்கள். ஒரே கப்பலில் வந்தவர்களில் சிலர் பால்மரக் காட்டுக்குப் போனார்கள். சிலர் சாலைக்குப் போனார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை, உதவிபெற்றுக் கூலிவேலைக்கு வருவது தொடர்ந்தது.

சாலை வேலை எத்தகையது? பாறையைச் சம்மட்டியால் உடைத்துச் சிறு ஜல்லியாக்கவேண்டும். அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வந்து பரப்பவேண்டும். சாலையின் இரு பக்கமும் மண்வெட்டியால் நீர்க்கால் வெட்டவேண்டும். மழைக்குப் பின் அந்தக் கால்வாயில் அடைத்த மண்ணையும் தழையையும் வாரவேண்டும். விறகு மூட்டித் தாரைக் காய்ச்சி, கொதிக்கும் தாரை வாளியில் எடுத்துச் சென்று ஊற்றித் தேய்த்து, அதன்மேல் மணலைத் தூவவேண்டும். மேலே வெயில்; கீழே அனல்; மூச்சில் தார்ப்புகை. இவற்றில் மிக எளியதாகத் தோன்றும் கால்வாய் வாரும் வேலைதான் மிக முக்கியமானது என்பதைச் சாலைப் பொறியாளர்கள் அறிவார்கள். நீர் வடியாத சாலையில் எத்தனை தார் ஊற்றினாலும் நிற்காது. அடிமண் ஊறினால் மேற்பரப்பு பிளந்துவிடும். பிளந்த இடத்தில் சேறு மீண்டும் தலைகாட்டும். ஆகவே ஓடுகின்ற ஒவ்வொரு காரின் எஞ்சினையும் காத்தது, கால்வாயில் குனிந்து நின்ற ஒருவருடைய மண்வெட்டி என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியமான தோட்ட வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாடல் டி கார் மலிவான கார் என்று பெயர் பெற்றது. 1925இல் அமெரிக்காவில் அதன் விலை 290 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் நம் நாட்டுப் பணத்தில் சுமார் 510 வெள்ளி. கப்பற்கூலியையும் வணிகரின் இலாபத்தையும் சேர்க்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஓர் ஆண் தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் 1000 நாளுக்கும் மேலாக உழைத்தால்தான் அந்த மலிவான காரை வாங்கமுடியும். ஒரு பெண் தொழிலாளிக்கோ ஏறத்தாழ 1280 நாள் வேண்டும். சாலையைப் போட்டவர்கள் அந்தச் சாலையில் நடந்துதான் போனார்கள். கார் வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். காருக்கு மட்கார்டு இருந்தது. ஓரத்தில் நின்றவருடைய வேட்டிக்கும் சேலைக்கும் இருந்ததா?

டயரின் கதையும் இதுவே. 1888இல் டன்லப் காற்று நிரப்பிய டயருக்குக் காப்புரிமை பெற்றார். கார்கள் பெருகியதும் ரப்பரின் விலை ஏறியது. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலாக விற்றது. பங்கு வைத்திருந்தவர்கள் ஒரே ஆண்டில் செல்வரானார்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களுக்கு அந்த விலை உயர்வு எட்டவில்லை. 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் விலை வீழ்ந்தபோதோ, அந்த வீழ்ச்சி உடனே அவர்களை எட்டியது, கூலி குறைந்தது, பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நல்ல சாலை நல்லவரையும் பகைவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 1941 டிசம்பரில் படையெடுத்து வந்த ஜப்பானியப் படை, தார் போட்ட சாலைகளில் சைக்கிளிலும் லாரியிலும் விரைந்து தெற்கே வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில்தான் பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார். சேற்றுச் சாலைக்கு ஏற்ற கார்களைத் தந்து பெயர்பெற்ற நிறுவனத்தின் கட்டடத்தில் ஓர் ஆட்சி முடிந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில், 1905இல் திறக்கப்பட்ட தம்பின் - மலாக்கா இரயில் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சயாம் - பர்மா இரயில் பாதைக்கு நம் தோட்டத்து மக்களும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் அந்தத் தண்டவாளங்களும் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு இரயில் இல்லாமற்போனது. ஆகவே அலோர் காஜா, ரெம்பியா முதலிய உள்நாட்டு ஊர்களுக்கும் நகருக்கும் இடையிலான போக்குவரத்து முழுவதும் சாலையையே நம்பி நின்றது. தண்டவாளம் போனபோது தாங்கி நின்றது, கூடையிலும் மண்வெட்டியிலும் உருவான அந்தச் சாலைதான்.

நேயர்களே, இன்றைய நிலை என்ன? அலோர் காஜா மாவட்டத்தின் ஊடே, 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை செல்கிறது. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. எஞ்சின் எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியாகிவிட்டது. ஆனாலும் அடித்தகடு மறைந்துவிடவில்லை. இன்று பல கார்களின் அடியில் குனிந்து பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காணலாம். தெறிக்கும் நீரையும் கல்லையும் தடுப்பதோடு, காற்று தடையின்றி வழிந்தோடவும் அது உதவுகிறது. பட்டறையில் அதைக் கழற்றியவர் திரும்பப் பூட்ட மறப்பதும் இன்றும் நடப்பதுதான்!

தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எஞ்சினைச் சேற்றிலிருந்து காத்தவை மூன்று. ஒன்று, அடியில் கட்டிய தகடு. இரண்டு, எஞ்சினைச் சுற்றிய உறை. மூன்று, சேறே இல்லாத சாலை. முதல் இரண்டையும் செய்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மூன்றாவதைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் கூலிப் பதிவேடுகளோடு மட்கிப் போயின. பெயர் போனாலும் வேலை போகவில்லை. நாம் நாள்தோறும் அதன்மேல்தான் பயணம் செய்கிறோம்.

அடுத்த முறை மழை நாளில் ரெம்பியாப் பக்கம் போகும்போது, சாலையோரக் கால்வாயைச் சற்றுக் கவனியுங்கள். செந்நீர் சுழித்துக்கொண்டு அதில் ஓடும். சாலையின்மேல் நீர் தேங்காமல், உங்கள் காடி சறுக்காமல் செல்லும். உங்கள் குடும்பத்தில் வயது முதிர்ந்தவர் இருந்தால், அவருடைய தந்தையோ பாட்டனோ எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எந்தச் சாலையில் கல் உடைத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். காரின் வரலாற்றில் அந்தப் பெயருக்கும் இடம் உண்டு.